கொழும்பு போன்ற நெருக்கமான நகரில் கச்சிதமான உயர் அழுத்த மின்வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குடியிருப்புக்குள் 132 கிலோவோல்ட் மின்வழி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் உடனே இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று ‘நிலத்துக்குள் புதையுங்கள்’ என்னும். மற்றது ‘எங்கள் பக்கம் வேண்டாம்’ என்னும். இவற்றுக்கு நடுவே பேசப்படாமல் கிடக்கும் வழி, கம்பிகளை நெருக்கிக் கட்டும் கச்சித மின்வழி. அதைப் பற்றி வெள்ளவத்தை முதல் வத்தளை வரை நம்மவர்கள் கேட்கும் கேள்விகளும், ஒரு மின்பொறியியலாளனாக நான் சொல்லக்கூடிய பதில்களும் இங்கே.

கச்சித மின்வழி என்றால் என்ன?

அதே மின்னழுத்தத்தில் அதே மின்சாரத்தைக் குறைந்த அகலத்துக்குள் கொண்டுபோகும் மேல்நிலை மின்வழி. இலங்கையில் நீண்டதூரக் கடத்தலுக்கு 220, 132 கிலோவோல்ட் பயன்படுகின்றன. அதிலிருந்து இறங்கி 33 அல்லது 11 கிலோவோல்ட்டாக விநியோகத்துக்கு வந்து, வீட்டுக்குள் 230 வோல்ட்டாக நுழைகிறது. இங்கே பேசுவது முதல் இரண்டைப் பற்றி மட்டுமே. வீதியோரக் கொங்கிறீட் கம்பத்தில் பின்னிக்கிடக்கும் வயர்கள் வேறு விவகாரம். அவற்றில் பாதி தொலைபேசி, கேபிள் டிவி நிறுவனங்களுடையவை.

பழைய மின்வழிகளுக்கு ஏன் அவ்வளவு அகலம்?

பலரும் கோபுரத்தின் பருமனைப் பார்த்துவிட்டு அதுதான் இடத்தைப் பிடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இடத்தைப் பிடிப்பது காற்றில் ஆடும் கம்பி.

இந்தியாவில் 132 கிலோவோல்ட் மின்வழிக்கு வழக்கமாக ஒதுக்கும் அகலம் 27 மீற்றர், 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீற்றர். 27 எங்கிருந்து வருகிறது என்று கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். கம்பியைத் தாங்க நீளும் கையின் நீளம், கோபுரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 3.5 மீற்றர். கையிலிருந்து தொங்கும் காவலிச் சரம், அதாவது கம்பியின் மின்சாரம் கோபுரத்துக்குப் பாயாமல் தடுக்கும் தட்டுகளின் கோவை, 1.5 மீற்றர். பத்துத் தட்டுகள், ஒவ்வொன்றும் 146 மில்லிமீற்றர் உயரம். கோபுரங்களுக்கு இடையே 300 மீற்றர் தூரம் என்றால், ‘சீப்ரா’ என்று அழைக்கப்படும் அலுமினிய உருக்குக் கம்பி ஒரு மீற்றருக்கு 1.62 கிலோ நிறையோடு, 28 கிலோநியூட்டன் இழுவையில் நடுவே 6.4 மீற்றர் தொய்யும். பலத்த காற்றில் சரமும் தொய்வும் சேர்ந்து 35 பாகை சாய்ந்தால், கம்பி பக்கவாட்டில் 4.5 மீற்றர் நகரும். அதற்கப்பால் ஒரு கட்டடம் இருக்கலாம் என்றால், இந்திய விதிப்படி இன்னும் 2.9 மீற்றர் இடைவெளி வேண்டும். மூன்றையும் கூட்டினால் ஒரு பக்கம் 10.9, இரு பக்கமும் சுமார் 22 மீற்றர். வெயிலிலும் சுமையிலும் கம்பி சூடேறிக் கூடுதலாகத் தொய்வதற்கும், பராமரிப்பு வாகனம் நுழைவதற்கும் மிச்சத்தை வைத்தால் 27 வந்துவிடும்.

இதைக் குறுக்குவது எப்படி?

கம்பங்களை நெருக்கி நட வேண்டும். தொய்வு, தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். 300 மீற்றரை 150 ஆக்கினால், அதே இழுவையில் 6.4 மீற்றர் தொய்வு 1.6 ஆகிவிடும். நீளமான கொடிக்கயிற்றுக்கு நடுவில் ஒரு முட்டுக் கொடுத்ததும் சேலை தரையைத் தொடாமல் நிற்கும் அல்லவா, அதே கணக்கு.

அடுத்தது, தொங்கும் சரத்துக்குப் பதிலாகக் கம்பத்திலிருந்து விறைப்பாக நீட்டி நிற்கும் பொலிமர் காவலி. உள்ளே கண்ணாடியிழைத் தண்டு, வெளியே சிலிக்கோன் இறப்பர். இது ஆடாது. மின்சாரம் மூன்று கட்டங்களாக (phase), கட்டத்துக்கு ஒரு கம்பியாகப் போகிறது; அந்த மூன்று கம்பிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால் கை நீளமும் 3.5 இலிருந்து 1.8 மீற்றருக்கு வரலாம்.

மறுபடி கூட்டுங்கள். கை 1.8, ஆட்டம் 0.9, கட்டட இடைவெளி 2.9. ஒரு பக்கம் 5.6, இரு பக்கமும் 11 மீற்றர் சொச்சம். பாதிக்குப் பாதி.

இந்த மிச்சத்தில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த 5.3 மீற்றரை யார் சம்பாதித்துக் கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால், கைகளைக் குறுக்கியது 1.7, சரம் ஆடாமல் நிறுத்தியது 0.9, தொய்வைக் குறைத்தது ஏறக்குறைய 2.8. பாதிக்கு மேல் கம்பங்களின் நெருக்கத்தால் வந்தது. அழகான மெல்லிய கம்பத்தின் படத்தைக் காட்டி ‘இடம் மிச்சம்’ என்று யாராவது விளக்கினால், கம்பங்களுக்கு இடையே எத்தனை மீற்றர் என்று முதலில் கேளுங்கள். படத்தில் அது தெரியாது.

காணிக் கணக்கில் சொல்வதானால், ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு 22 மீற்றர் அகலம் என்பது சுமார் 870 பேர்ச்சஸ். 11 மீற்றர் என்றால் 435. கொழும்பில் ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கட்டட இடைவெளியான அந்த 2.9 மீற்றரையும் குறைக்க முடியாதா?

முடியாது. அது மின்னழுத்தத்துக்கான விலை. கம்பத்தை எவ்வளவு மெல்லியதாகச் செய்தாலும் 132 கிலோவோல்ட் 132 கிலோவோல்ட்தான். தரையிலிருந்து கம்பிக்கு இருக்க வேண்டிய உயரமும் அப்படியே. இந்திய விதியில் அது குறைந்தபட்சம் 6.1 மீற்றர். நகரத்தில் அதைவிட உயர்த்தியே கட்டுவார்கள். கீழே ஏற்கனவே 11 கிலோவோல்ட் கம்பி போகும், கொள்கலன் லொறி போகும், ஆடிவேல் காலத்தில் காலி வீதியில் தேரே போகும்.

கம்பம் கூடினால் செலவும் கூடுமே?

கூடும். கிலோமீற்றருக்கு மூன்று நான்கு கோபுரங்கள் இருந்த இடத்தில் ஏழு கம்பங்கள். ஆனால் ஒவ்வொன்றும் சிறியது. பின்னல் கோபுரத்தின் நான்கு கால்களும் பல மீற்றர் சதுரத்தை அடைத்துக்கொள்ளும். உருக்குக் குழாய்க் கம்பம் ஒன்றிரண்டு மீற்றர் விட்டத்தோடு நடைபாதை ஓரத்தில் அடங்கிவிடும்.

உண்மையான தலைவலி திருப்பங்களில் இருக்கிறது. நேராகப் போகும்போது இருபக்க இழுவையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மின்வழி 60 பாகை திரும்பினால், ஒரு கம்பியின் முழு இழுவைக்குச் சமமான விசை கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். 28 கிலோநியூட்டன் என்பது கிட்டத்தட்ட 2.9 தொன். மும்மூன்று கம்பிகளாக இரண்டு சுற்றுகள், ஆக ஆறு கம்பிகள் என்றால் 17 தொன், அதுவும் கம்பத்தின் உச்சிப்பக்கத்தில். வயல்வெளியில் இழுகம்பி கட்டிச் சமாளிக்கலாம். கொட்டாஞ்சேனையில் இழுகம்பியை எங்கே கட்டுவது? அடுத்த வீட்டு முற்றத்திலா? ஆகவே திருப்பக் கம்பங்கள் தடித்து, அடித்தளம் பெருத்துவிடும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. தூரம் குறைவாக இருப்பதால் கம்பியைத் தளர்வாகக் கட்டலாம். இழுவையைப் பாதியாக்கினால் 150 மீற்றரில் தொய்வு 3.2 மீற்றர், திருப்பக் கம்பத்தின் சுமையும் பாதி. ஆனால் மிச்சம் பிடித்த அகலத்தில் கொஞ்சம் திரும்பப் போய்விடும். எந்த இடத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பவரின் கை தெரியும்.

கம்பிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று மோதாதா?

இந்தப் பயம் குளிர்நாடுகளில் மிகவும் நியாயமானது. அங்கே கம்பியில் பனி படியும்; காற்று பட்டதும் கம்பி துள்ளிக் குதிக்கும்; பனி உதிரும்போது கீழ்க்கம்பி எகிறி மேல்க்கம்பியைத் தொடும். கம்பிகளுக்கு இடையே அங்கே நிறைய இடம் விட வேண்டியிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். கொழும்பில் பனி இல்லை. 132 கிலோவோல்ட்டில் வழக்கமாக 4 மீற்றர் அளவில் இருக்கும் இடைவெளியை, குறுகிய தூரங்களில் 2 மீற்றர் அளவுக்கு இறக்க முடியும். அமெரிக்காவில் 1970களிலேயே 115 முதல் 138 கிலோவோல்ட் வரையான மின்வழிகளுக்கு இந்த ஆய்வுகளைச் செய்துவிட்டார்கள். தூரம் கொஞ்சம் கூடிவிட்ட இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பொலிமர் தடுப்புக்கோல் பொருத்துவதும் உண்டு.

அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் நமக்கே உரியவை: இடியும் உப்பும்.

இடி மின்னல் என்ன செய்யும்?

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பிற்பகல்களில் மேல் மாகாணத்தில் இடி எப்படி முழங்கும் என்பது தெரிந்ததே. மின்வழியின் உச்சியில் போகும் காப்புக்கம்பி மின்னலை வாங்கிக் கம்பத்தின் வழியாக நிலத்துக்குள் இறக்க வேண்டும். நிலத்தின் தடை கூடுதலாக இருந்தால் கம்பத்தின் உச்சியில் அழுத்தம் ஏறி, அங்கிருந்து காவலியைத் தாண்டி மின்கம்பிக்கே பொறி பாயும். கச்சித மின்வழியில் காற்று இடைவெளிகள் குறைவு என்பதால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே கம்பத்தடி நிலத்தொடுப்பை நன்றாகச் செய்வதோடு, தேவையான கம்பங்களில் மின்னல் தாங்கிகளையும் காவலிக்குப் பக்கத்திலேயே பொருத்துவார்கள். விலைப்பட்டியலைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படக்கூடிய பொருள் இது. வெட்டக்கூடாத பொருளும் இதுவே.

கடற்காற்று?

தென்மேற்குப் பருவத்தில் காலி முகத்திடல் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று உப்பைக் கொண்டுவந்து காவலியில் அப்பும். அதன்மேல் லேசான தூறல் விழுந்தால் உப்பு கரைந்து மின்கடத்தும் படலமாகிவிடும். கனமழை பரவாயில்லை, கழுவிவிடும். கடலோரத்துக்கு நீண்டகாலமாகப் பயன்படும் சர்வதேச அளவுகோல், ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீற்றர் மேற்பரப்பு நீளம். 132 கிலோவோல்ட் அமைப்பின் உச்ச அழுத்தம் 145 என்பதால், காவலியின் மடிப்புகள் வழியே அளந்தால் 4.5 மீற்றர் வர வேண்டும். சிலிக்கோன் இறப்பர் இங்கே பீங்கானைவிட நன்றாக வேலை செய்கிறது. அதன்மேல் நீர் படலமாகப் பரவாமல் முத்துமுத்தாக நிற்கும். படிந்த அழுக்குக்குள்ளும் சிலிக்கோன் எண்ணெய் ஊறி அதையும் நீர் ஒட்டாததாக்கிவிடும். நிரந்தரமான பொருள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வெயிலிலும் பொறியிலும் அது முதுமையடையும். பீங்கான் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், பொலிமரின் உள்தண்டு பழுதானால் வெளியே தெரியாமலேயே இருக்கலாம்.

இரவில் ‘உஸ்’ என்று சத்தம் வருமா?

132 இல் வராது, 220 இல் கவனிக்க வேண்டும். கம்பியின் மேற்பரப்பில் மின்புலம் மிகக் கூடினால் சுற்றியுள்ள காற்று மின்னிறக்கம் அடைந்து இரையும், வானொலியிலும் கரகரப்பு வரும். கம்பிகளை நெருக்கினால் அந்தப் புலம் கூடும். 28.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பிக்கு எளிய வாய்பாட்டில் கணக்கிட்டால், 132 கிலோவோல்ட்டில் 4 மீற்றர் இடைவெளியில் சென்றிமீற்றருக்கு 9.5 கிலோவோல்ட் வருகிறது. 2 மீற்றரில் 10.8. காற்று தாங்கும் எல்லை 21 அளவில் இருப்பதால் கவலையில்லை. இதையே 220 கிலோவோல்ட்டில் 3 மீற்றரில் செய்தால் 16.6 ஆகிவிடும். ஈரமான கம்பி அந்த அளவிலேயே இரையத் தொடங்கலாம். ஒரு கட்டத்துக்கு ஒரு கம்பிக்குப் பதிலாக இரட்டைக் கம்பி போடுவது இதற்கு மருந்து.

காந்தப்புலம் உடலுக்குக் கேடு என்கிறார்களே. கச்சித மின்வழியில் அது குறைவா, கூடவா?

மூன்று கட்டங்களின் மின்னோட்டமும் எந்தக் கணத்திலும் கூட்டினால் பூச்சியம். கம்பிகள் ஒன்றாக நெருங்க நெருங்க அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே அதே தூரத்தில் நின்று அளந்தால், இடைவெளியைப் பாதியாக்கும்போது புலமும் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டு சுற்றுகள் ஒரே கம்பத்தில் போனால், ஒரு பக்கத்தின் அடுக்கு வரிசையை மறுபக்கத்தில் தலைகீழாக்கி இன்னும் குறைக்கலாம். இதற்கு ஒரு சதமும் கூடுதல் செலவில்லை.

விளம்பரத்தாள் இத்துடன் நின்றுவிடும். தொடர்ந்து கணக்கிடுங்கள். மூன்று கட்டப் புலம் தூரத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. மின்வழி குறுகியதைச் சாட்டாக வைத்து, முன்பு 12 மீற்றரில் நின்ற வீடு 6 மீற்றருக்கு வந்துவிட்டால் புலம் நான்கு மடங்காகும். நெருக்கியதால் பாதி, கிட்ட வந்ததால் நான்கு மடங்கு. மொத்தத்தில் அந்த வீட்டுக்கு இரண்டு மடங்கு. மிச்சமான நிலத்தைப் பொதுவெளியாக வைத்திருந்தால் மட்டுமே இந்த நன்மை மக்களுக்குச் சேரும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, அயனாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு பொதுமக்களுக்கு வைத்த எல்லை 1998இல் 100 மைக்ரோடெஸ்லா, 2010இல் 200. மின்வழியோரத்தில் அதன் சிறு பங்கே இருக்கும். மறுபுறம், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2002இல் இந்தப் புலங்களை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஆ பிரிவில் வைத்தது. 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் நீண்டகாலம் வாழ்ந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோயோடு ஒரு புள்ளிவிவரத் தொடர்பு தெரிந்தது. காரணம் அதுதான் என்று நிறுவப்படவில்லை. பதற்றப்பட வேண்டியதில்லை. ஆனால் செலவில்லாமல் குறைக்கக்கூடியதைக் குறைக்காமல் விடுவதற்கும் நியாயமில்லை. நெதர்லாந்தில் ‘வின்ட்ராக்’ என்ற இரட்டைத் தூண் கம்பங்களை உருவாக்கியதற்கு இந்த 0.4 ஒரு முக்கிய காரணம்.

இவ்வளவு பாடு எதற்கு? நிலத்துக்குள் புதைத்துவிடலாமே?

கொழும்பின் உள்நகரில் 132 கிலோவோல்ட் ஏற்கனவே நிலத்தடிக் கேபிளில்தான் போகிறது. கோட்டை, கொள்ளுப்பிட்டி, மருதானை போன்ற இடங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் கேபிள் என்றால் தொல்லை தீர்ந்தது என்பது சரியல்ல. செலவு பல மடங்கு. வீதியைத் தோண்ட வேண்டும், இணைப்புக் குழிகளுக்கு இடம் வேண்டும். மேல்நிலைக் கம்பி அறுந்தால் ஒரு நாளில் கட்டிவிடலாம். கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, இணைத்து முடிக்க வாரங்கள் ஆகும். கேபிள் ஒரு பெரிய மின்தேக்கியாகவும் நடந்துகொள்கிறது. 132 கிலோவோல்ட்டில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மெகாவார் எதிர்வினைத் திறனை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் முன்னும் பின்னும் ஓடும் திறனை, அது உண்டாக்கும். மேல்நிலைக் கம்பியில் அது இருபதில் ஒரு பங்கு.

என் கருத்து இதுதான்: உள்நகரில் கேபிள், நகரின் விளிம்பில் கச்சித மின்வழி. கொலன்னாவ, களனி, வத்தளைப் பக்கங்களில் கால்வாய்க் கரை, புகையிரதப் பாதையோரம், பழைய மின்வழி நிற்கும் நிலம் ஆகியவையே அதற்குப் பொருத்தமானவை.

கம்பிகள் நெருங்கினால் கூடுதல் மின்சாரம் கடத்தலாம் என்கிறார்களே?

நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு அது உண்மை. பத்துக் கிலோமீற்றர் நகர மின்வழிக்கு அது பொருட்டே அல்ல. அங்கே எல்லை வைப்பது கம்பியின் சூடு. கூடுதல் மின்சாரம் வேண்டுமென்றால் கம்பியை மாற்ற வேண்டும். கரியிழை நடுத்தண்டு கொண்ட கம்பிகள் வழக்கமான 75 பாகைக்குப் பதிலாக 150 பாகைக்கு மேலும் அதிகம் தொய்யாமல் தாங்கும். ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னோட்டம் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு வேறொன்று. 1950இல் பழைய லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில் நகரின் ஓரங்கள் வெளியாகக் கிடந்தன. இன்று பழைய மின்வழிகளின் இருபக்கமும் வீடுகள். அங்கே புதிய நிலம் தேடுவது வீண். இருக்கும் பாதையிலேயே காவலிக் கைகளையும் நெருக்கமான கம்பங்களையும் வைத்து 132ஐ 220 ஆக்க முடியுமா என்று பார்ப்பதே அறிவான வேலை. யாரையும் குடியெழுப்பாமல் கடத்தும் திறனைக் கூட்டலாம். கட்டும் காலத்தில் பழைய மின்வழியை நிறுத்த வேண்டும் என்பதுதான் முட்டுக்கட்டை. மாற்றுவழி இல்லாத இடத்தில் அது பெரிய முட்டுக்கட்டை.

கொலன்னாவைச் சதுப்பு காலியாகத்தானே கிடக்கிறது, அதில் நடலாமே?

காலியிடம் அல்ல. மழைநீரைத் தாங்கி நகரைக் காப்பவை அந்தச் சதுப்புகள். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது அவற்றால்தான். பொறியியல் கண்ணோடு பார்த்தாலும் அங்கே கீழே முற்றா நிலக்கரிபோன்ற மெத்தென்ற மண். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஆழமான முளைத்தூண் வேண்டும். அங்கே கம்பங்களை நெருக்கி நடுவது தலைகீழான யோசனை. சதுப்பில் நீளமான தூரம், குடியிருப்பில் குறுகிய தூரம் என்று ஒரே மின்வழியை இரு விதமாகக் கட்ட வேண்டும்.

காகங்கள்?

சிரிக்க வேண்டாம். காகத்தின் சிறகு விரிவு ஒரு மீற்றருக்குக் குறைவு, 132 கிலோவோல்ட்டின் இடைவெளியை அது நேரடியாக நிரப்பாது. ஆனால் கொழும்புக் காகம் கூடு கட்டக் கம்பித்துண்டுகளைப் பொறுக்கிவரும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதற்கு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். இடைவெளிகளைக் குறைக்கும்போது இப்படிப்பட்ட விருந்தாளிகளுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எங்கள் வீட்டுப் பக்கம் மின்வழி வருவதாக அறிவித்தல் வந்திருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?

வழியுரிமை நடைமுறை இலங்கை மின்சாரச் சட்டத்தில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரணைக்கு அழைத்தால் போங்கள். ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு மட்டும் போகாதீர்கள். காற்றில் முழுமையாகச் சாய்ந்த நிலையில் கம்பிக்கும் உங்கள் சுவருக்கும் எத்தனை மீற்றர், கம்பி அதிகபட்சம் சூடேறும்போது எவ்வளவு தொய்யும், உங்கள் காணிக்கு எதிரே திருப்பக் கம்பம் வருகிறதா, இரட்டைச் சுற்றில் கட்ட வரிசை தலைகீழாக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதில்களை வரைபடத்தோடு எழுத்தில் வாங்குங்கள். மேல்மாடி கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் அங்கேயே பதிவு செய்யுங்கள். பிறகு சொன்னால் வரைபடம் மாறாது; மாற வேண்டியது உங்கள் மாடிதான்.

மொட்டைமாடியில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். கம்பியில் சிக்கினால்?

விட்டுவிடச் சொல்லுங்கள். நூலை இழுக்கக் கூடாது, கம்போ தோட்டியோ நீட்டவே கூடாது. ஈரமான நூல் மின்கடத்தும், மினுக்குத்தாள் வால் அதைவிட நன்றாகக் கடத்தும். 132 கிலோவோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்ற அவசியம் இல்லை, கிட்டப் போனாலே பாயும். மின்சார அவசர அழைப்பு இலக்கமான 1987க்கு அழைத்து, எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்று கம்பத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.